சின்ன டீச்சரின் ராஜினாமா

அந்த வீட்டில் ஒருவர் ஆசிரியர் வேலையில் இல்லை என்றால், அவர் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வைப் பள்ளிக்கூடம்தான் கொடுத்தது. அவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா மொழிப்பாடம். அண்ணன் கணக்கு. அண்ணன் கல்யாணம் செய்துகொண்டது ஓர் அறிவியல் ஆசிரியையை. அதுவரை வீட்டில் காலியாக இருந்த பாடம் அது ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்தின் கையில் அகப்பட்டவர்கள் பாடு திண்டாட்டம். சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் வேலை முடிந்து சாமான்களைப் பையில் போடும்போது அப்பா வழிமறிப்பார். "என்ன பண்ணீங்க? முதல்ல இருந்து ஒருதடவை சொல்லுங்க பாப்போம்." அந்த மனிதர், பாவம், வாஷர் மாற்றிய கதையைக் கைகட்டி நின்று ஒப்பித்துவிட்டுத்தான் வெளியேற முடியும். எதிர்வீட்டுக்காரர் ஆசையோடு கொடுத்த கல்யாணப் பத்திரிகையை அம்மா சிவப்பு மையில் திருத்தி, "அடுத்த பொண்ணுக்கு அடிக்கும்போது பாத்துக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அந்த வீட்டுக்கு எழுத்தில் எதையும் கொடுப்பதில்லை; வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட முழு வாக்கியத்தில் கேட்க வேண்டும்.

இங்கே பிறந்த கடைசிப் பெண்ணுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே ‘சின்ன டீச்சர்’ என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். மற்ற குழந்தைகளிடம் வளர்ந்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்பார்கள். இவளிடம் எந்தப் பாடம் என்று கேட்டார்கள். அவளும் சமர்த்தாக வரலாறு என்று சொல்லி, படித்து, பயிற்சி முடித்து, நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அதே சாப்பாட்டு மேஜையில், முழு வாக்கியத்திலேயே, "நான் வேலைய ராஜினாமா பண்ணிட்டேன், இனிமே எந்த ஸ்கூல்லயும் டீச்சராச் சேரப் போறதில்ல" என்றாள்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "கிளாஸ் அடங்கலையா?"

"ஆரம்பத்துல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் அண்ணி, ஆறுதலாக. "பின்பெஞ்சுல ஆரம்பிச்சு முன்னாடி வரணும். நான் சொல்லித் தரேன்."

அம்மா அழுதாள். அழுகையின் நடுவே, "ராஜினாமாக் கடிதத்துல பிழை இல்லாம எழுதினியா?" என்றும் கேட்டுக்கொண்டாள்.

அப்பா மட்டும் அவளைப் பார்க்கவே இல்லை. அம்மா பக்கம் திரும்பி, "உன் பொண்ணுகிட்ட கேளு, அவளுக்கு வேற என்ன செய்யத் தெரியும்னு," என்றார். அன்றிலிருந்து அவளோடு நேரடிப் பேச்சு நின்றுபோனது. அடுத்த மூன்று வருடத்துக்கும் மேலாக அவர் வாயில் அவள் ‘உன் பொண்ணு’ தான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் ‘உன் பொண்ணு’ தான்.

வகுப்பை அடக்கத் தெரியாமல் ஓடிவந்துவிட்டாள் என்று வீட்டில் முடிவுகட்டியதை அவள் மறுக்கவில்லை. உண்மை நேர் எதிர். அவள் உள்ளே நுழைந்தால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். மற்ற ஆசிரியைகள் தங்கள் வகுப்பில் ரகளை என்றால் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் வாசலில் வந்து நின்றாலே போதும். ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று மெச்சினார்கள். ஊறித்தான் இருந்தது.

ஒரு தேர்வில் ஒரு பெண் காப்பியடித்தாள். பாவாடை மடிப்பில் ஒரு துண்டுக் காகிதம். சின்ன டீச்சர் அதைப் பிடுங்கி, அந்தப் பெண்ணை எழுப்பி, வகுப்பைப் பார்த்து நிற்கவைத்து, "இந்த முகத்த எல்லாரும் நல்லாப் பாத்து வச்சுக்கோங்க" என்றாள். அது அப்பாவின் வசனம். எத்தனையோ பேரை மேடையில் நிற்கவைத்து அவர் சொன்னது. ஒருமுறை அவளையே நிற்கவைத்துச் சொன்னார். வீட்டுப்பாடத்தை அண்ணனைப் பார்த்து எழுதியதற்கு, பள்ளிக்கூடமே பார்க்க. அந்த வசனத்தை அவள் மனப்பாடம் செய்யவில்லை, யோசித்தும் சொல்லவில்லை. அது தானாக வந்தது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆனபோது அவளுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. இனித்தது என்றே சொல்லலாம். அந்த இனிப்புக்குப் பயந்துதான் அவள் வேலையை விட்டாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வீட்டில் இதைச் சொன்னால், நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

சரி, வேறு வேலை தேட வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்தவளுக்கு உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது. எல்லாம் ஆசிரியர் வேலை. இதை அவளுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு தொழில் ஆலோசகர். குளுகுளு அறை, சுவரில் மலை உச்சியில் நிற்கிற ஒரு மனிதனின் படம், மேஜையில் வாடாத பிளாஸ்டிக் செடி. கணினி முன் உட்காரவைத்து, நீங்கள் ஒரு பறவையாக இருந்தால் என்ன பறவை என்கிற ரகத்தில் நூறு கேள்வி கேட்டார். பிறகு முடிவைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"மேடம், உங்களுக்குப் பொருத்தமான தொழில் கிடைச்சிடுச்சு. டீச்சிங்!"

"சார், அத விட்டுட்டு வந்துதான் உங்ககிட்ட உக்காந்திருக்கேன்."

"அதுக்காக மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "நானும் வாத்தியாரா இருந்தவன்தான் மேடம். பசங்க தொல்லை தாங்காம இங்க வந்துட்டேன். ஆனா சனி ஞாயிறு ஒரு டியூஷன் சென்டர் நடத்தறேன். வரலாறுக்கு ஆள் இல்ல. வரீங்களா?"

அவள் கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்து, வீட்டு உபயோகப் பொருள் விற்கிற ஒரு பெரிய கடையில் சேர்ந்தாள். வாஷிங் மிஷின் பகுதி. முதல் வாரமே ஒரு தம்பதிக்கு மிஷினைப் பற்றி விளக்கினாள். அவர்கள் வாங்கியதோடு நில்லாமல், "என்னமாப் புரிய வைக்குது இந்தப் பொண்ணு!" என்று மேனேஜரிடம் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து வயிற்றில் அடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேனேஜர் அவளைத் தனியாக அழைத்தார். "நீ ஏம்மா கஸ்டமர்கிட்ட தொண்டையக் கிழிச்சுக்கற? உனக்குப் பிரமோஷன். நாளையில இருந்து புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் நீதான் கிளாஸ்." மாடியில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். வரிசையாக நாற்காலி. முன்னால் வெள்ளைப் பலகை, மார்க்கர், டஸ்டர்.

டஸ்டரைப் பார்த்ததும் படி இறங்கிவிட்டாள். அன்று மதியமே விலகிவிட்டாள்.

தொலைபேசியில் புகார் கேட்கிற அலுவலகத்திலும் இதே கதிதான். அங்கே அவள் வாயையே திறக்காமல், "சரிங்க, பாக்கறோங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுமைசாலி என்று பெயரெடுத்து, பொறுமையாக இருப்பது எப்படி என்று பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இந்தச் செய்திகள் வரவரக் கொண்டாட்டம். "தண்ணிக்குள்ள தூக்கிப் போட்டாலும் மீனுக்கு நீச்சல் கிளாஸ் எடுத்துட்டுத்தான் வருவா," என்றான் அண்ணன். கணக்கு வாத்தியார் நகைச்சுவை சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும், சிரிக்காவிட்டால் விளக்குவான்.

அப்பா சிரிக்கவில்லை. "வேற என்ன தெரியும்னு கேட்டேனே, உன் பொண்ணு பதில் சொன்னாளா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. அவரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும். அதைவிட, அந்த வசனம் தானாக வாயில் வந்து உட்காராத ஓர் இடம் அவளுக்கு வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லை என்றால், அவள் இன்னார் என்பது பிறந்தபோதே முடிந்துபோன சமாச்சாரம் என்று ஆகிவிடும்.

மூன்றாவது முறை அவள் உஷாராகிவிட்டாள். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. கடையின் முதலாளியம்மா மூக்கு நுனியில் ஒரு கண்ணாடியும் தலைமேல் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு மூன்றாவது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்த?"

"ஒண்ணும் பாக்கல. வீட்ல சும்மாதான் இருந்தேன்."

"ரொம்ப நல்லது. அனுபவசாலிங்களக் கட்டி மேய்க்க என்னால முடியல. உள்ள வா."

பொய் சொன்னதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. படித்ததை மறைத்து வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்றால் அது படிப்பின் தப்பு. முதலில் பிரேம் துடைத்தாள், ஸ்க்ரூ முடுக்கினாள், காதுக்குப் பின்னால் இடிக்கிற கம்பியைச் சூடுகாட்டி வளைக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு மாலை நேரப் படிப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, கண் பார்க்கிற தகுதிச் சான்றும் வாங்கினாள். கடையின் பின்பக்கத்து இருட்டறை அவள் கைக்கு வந்தது.

குறுகலான, நீள அறை. ஒரு கோடியில் நாற்காலி. எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டி. அதில் எழுத்துப் பலகை. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடி, "மேல இருந்து படிங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் என்ன ஆகிறார்கள் என்று பார்த்தபோது அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது. லாரி ஓட்டுகிறவர் வியர்த்து வழிந்தார். வக்கீல் ஒருவர் விரலிடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். ஒரு கணவர் முழிக்க, பின்னால் நின்ற மனைவி, "ட சொல்லுங்க, ட" என்று கிசுகிசுத்தாள். ஒரு பெரியவர் கடைசி வரியில் மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று கெஞ்சினார், மார்க்கை.

வெளியே காத்திருப்பவர்கள் உள்ளே படிப்பதை ஒட்டுக்கேட்டு எழுத்துகளை மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது: காலையில் ஒரு பலகை, மதியத்துக்கு மேல் வேறு பலகை. தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடுக்கி விழுந்தாலும் பரவாயில்லை, பாஸாகிவிட வேண்டும் என்று மனிதர்கள் நினைக்கிறார்களே, இவர்களை யார் இப்படி ஆக்கி வைத்தது என்று அவள் யோசித்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆக்கி வைத்தவர்களில் நாலு பேர் அவள் வீட்டிலேயே இருந்தார்கள். ஐந்து பேர், அவளையும் சேர்த்து.

அந்த அறையில் அவளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பாள். "எதுங்க சரி?" என்று அவளையே திருப்பிக் கேட்பார்கள். "எனக்குத் தெரியாதுங்க. உங்க கண்ணு, நீங்கதான் சொல்லணும்" என்பாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பதில் தெரியாமல் கேள்வி கேட்டாள், பதிலுக்காகக் காத்திருந்தாள். சும்மா இருப்பதற்குச் சம்பளம் வருகிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தாள்.

வீட்டில் அதற்கு மரியாதை இல்லை. "கண்ணாடிக் கடைல நிக்கறா" என்றுதான் அம்மா வெளியே சொன்னாள், அதையும் கேட்டால் மட்டும்.

இதற்கிடையில் அப்பாவின் உலகம் கெட்டுக்கொண்டே வந்தது. பேப்பர்காரன் மையைக் குறைத்து அடிக்கிறான் என்றார். பல்பு கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மூக்கே இல்லை, எங்கிருந்து பிடிக்கிறார்கள் இவர்களை என்றார். பேத்திக்கு வாசிப்புப் பயிற்சி என்று சொல்லி முழுப் பேப்பரையும் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணனின் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, பங்குச் சந்தை நிலவரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தது. வீட்டில் நாலு ஆசிரியர்கள் இருந்தும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தலைமை ஆசிரியர் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான். சின்ன டீச்சருக்குச் சந்தேகம் வந்து, "அப்பாவக் கண்ணக் காட்டச் சொல்லும்மா" என்றாள். "உன் பொண்ணுக்கு வியாபாரம் ஆகலைன்னா என் கண்ணுதான் கெடச்சுதா?" என்று பதில் வந்தது.

ஒரு காலை நேரத்தில் அண்ணி கண்ணாடி மாற்ற வந்தபோது அப்பாவும் கூடவே வந்தார். அவளால் நம்ப முடியவில்லை. அவர் அறைக்குள்ளேயே வந்து, அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். அண்ணி படிக்கப் படிக்க அவர் உதடு மெல்ல அசைந்தது. ஒருமுறை பலகைக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய் நின்று, மேலிருந்து கீழ்வரை வெகுநேரம் பார்த்தார். தன் வேலையை அப்பா இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போன பிறகு முதலாளியம்மாவிடம், "எங்கப்பா என் வேலையப் பாக்க வந்திருந்தார்" என்று பெருமையாகச் சொன்னாள். ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே மிதந்தாள். பேதை.

அவர் ஸ்கூட்டர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த வயதில் புதுப்பிக்க வேண்டுமென்றால் கண் சரியாக இருக்கிறது என்று தகுதியுள்ளவர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். பேத்தியைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஸ்கூட்டரில்தான் அவர் கொண்டுவிடுவார். ஆக, ஒரு பிற்பகல் அண்ணியோடு மறுபடி கடைக்கு வந்தார். அளவெடுத்த மாதிரி முடி வாரி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, வருடாந்திர ஆய்வுக்கு வந்த அதிகாரி கணக்காக இருந்தார். வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அண்ணி கதவோரம் நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது.

சட்டத்தை மாட்டுவதற்காக அவள் அப்பாவின் முகத்தைத் தொட வேண்டியிருந்தது. காதுமடல் சில்லென்று இருந்தது. கடைசியாக எப்போது தொட்டோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கறுப்பு வில்லையால் அவர் இடது கண்ணை மூடினாள்.

"மேல இருந்து படிங்கப்பா."

அப்பா தொண்டையைக் கனைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஆண்டு விழாக் குரலில் ஆரம்பித்தார். "ப. அடுத்த வரி, ம, ட. அடுத்த வரி, ல, ய, ர." நிறுத்தவில்லை, தடுமாறவில்லை. கண்ணைச் சுருக்கவும் இல்லை. கடுகு மாதிரி இருக்கிற கடைசி வரிவரை, மூச்சுவிடாமல் முடித்து, "போதுமா?" என்றார். நேராக அவளிடம் கேட்கவில்லை, பலகையிடம் கேட்டார்.

வெளியே யாரோ, "யப்பா, என்ன கண்ணு!" என்றார்கள். "எங்க மாமான்னா சும்மாவா?" என்றாள் அண்ணி.

அவள் பலகையைப் பார்த்தாள். மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, ‘க’ நின்றது. அடுத்த வரியில் ‘வ, த’. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட அங்கே இல்லை. அவர் சொன்ன அத்தனையும் காலைப் பலகையில் இருந்தன, வரிசை மாறாமல், பிழை இல்லாமல். அன்றைக்கு உதட்டை அசைத்ததும், மூக்கு முட்ட நின்றதும் என்ன என்று அவளுக்கு இப்போது புரிந்தது. மனிதர் கேள்வித்தாளைப் பார்த்துப் போக வந்திருக்கிறார்.

எத்தனை பேரைக் காப்பியடித்ததற்காக மேடையேற்றியவர்! கையும் களவுமாக அகப்பட்டு, மகள் முன்னால், கறுப்பு வில்லை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வசனம் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. கூப்பிடாமலே, சுடச்சுட. மூன்று வருடத்து ‘உன் பொண்ணு’ எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. கதவு திறந்திருந்தது, ஆட்கள் தயாராக இருந்தார்கள். குரலை ஒரு பிடி உயர்த்தினால் போதும்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, அது காலைல மாட்டற பலகை. இப்ப இருக்கறது வேற."

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு, "பலகைய மாத்தினா முன்கூட்டியே அறிவிக்கணும். அதுதான் முறை," என்றார்.

"இனிமே அறிவிக்கச் சொல்றேன்பா."

"ஒரு கையெழுத்துதானே. போட்டா முடிஞ்சுது." பலகையைப் பார்த்தே சொன்னார்.

"போட மாட்டேன்பா. வண்டில பின்னாடி பாப்பா உக்காந்திருப்பா."

அப்பாவின் முகம் சிவந்தது. அவள் பக்கம் திரும்பினார். மூன்று வருடத்துக்கு மேல் கழித்து, முதல்முறையாக அவளிடமே பேசினார். "இதுக்குத்தான் வாத்தியார் வேலைய விட்டியா? அப்பன உக்கார வச்சு அவமானப்படுத்தவா?"

"நான் ஏன் விட்டேன்னு உங்களுக்குத் தெரியாதுப்பா. நீங்க கேக்கவே இல்ல." காப்பியடித்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். நிற்கவைத்ததை, சொன்ன வசனத்தை, அந்த முகம் சுருங்கியதைச் சொன்னாள். இனித்ததையும் சொன்னாள்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு காப்பியடிச்சாளா, இல்லையா?" என்றார்.

"அடிச்சா."

"அப்ப நீ செஞ்சது சரி. இதுக்குப் போய் வேலைய விடுவாங்களா?"

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரியா? அப்ப இந்தக் கதவத் திறக்கட்டுமா? வெளிய அண்ணி இருக்காங்க. இன்னும் அஞ்சாறு பேர் இருக்காங்க. இந்த முகத்த நல்லாப் பாத்து வச்சுக்கோங்கன்னு சொல்லட்டுமா?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். மூடாத ஒற்றைக் கண் அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடியது. இரண்டு கையும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டன. அவர் பயந்துவிட்டார். அவள் பார்த்து வளர்ந்த அந்த மனிதர், எட்டு வகுப்பை ஒரே பார்வையில் உட்காரவைத்தவர், நிஜமாகவே பயந்துவிட்டார். இந்த முறை எதுவும் இனிக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்பா," என்றாள் அவசரமாக. பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். "சத்தியமாச் சொல்ல மாட்டேன். அதச் சொல்லாம இருக்கறதுக்குத்தான்பா நான் விட்டேன்."

அப்பாவின் கை மெல்லத் தளர்ந்தது. பிறகு, "மூணாவது வரில ‘ய’ இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

"என்ன இருக்கு?"

"என்ன இருக்குங்கறத வச்சு நான் என்ன பண்றது? உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு சொல்லுங்க. அது எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

அவர் பலகையைப் பார்த்தார். இந்த முறை பார்க்கத்தான் பார்த்தார். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வாயைச் சற்றே திறந்து. "வெளிச்சம் இருக்கு. நடுவுல ஏதோ கறுப்பா நிக்குது. நீ எழுத்துன்னு சொன்னா எழுத்து." நிறுத்தினார். "எல்லாமே ரொம்ப நாளாப் புகை போட்ட மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் ரோட்ல எப்படிப்பா போறீங்க?"

"ரோடு எனக்கு மனப்பாடம்." அதைச் சொல்லும்போது பழைய கம்பீரம் ஒரு கணம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "போன வாரம், ஸ்கூலுக்குத் திரும்பற மூலைல, ஒரு மூட்டை கெடக்குன்னு நெனச்சேன். ஓரமாப் போயிடலாம்னு போனேன். பக்கத்துல போனதும் அது எந்திரிச்சுது. ஆளு. குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டு இருந்திருக்கான். வண்டி அவன் சட்டைய ஒரசிட்டுப் போச்சு."

அவள் நாற்காலிக்கு இன்னும் கிட்ட நகர்ந்தாள்.

"பாப்பா சிரிச்சா," என்றார் அப்பா. "தாத்தா வேணும்னே வித்தை காட்டறார்னு நெனச்சுட்டா. கையத் தட்டி, இன்னொரு தடவ தாத்தான்னா." நாற்காலிப் பிடியைத் தடவினார். "யார்கிட்டயும் சொல்லல. மறுநாளும் கூட்டிட்டுப் போனேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும் என்று தோன்றியது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கண்புரையாக இருக்கலாம், டாக்டரிடம் போனால் சரியாக்கக்கூடியதுதான் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எழுந்து, கறுப்பு வில்லையை இடது கண்ணிலிருந்து எடுத்து வலது கண்ணுக்கு மாற்றினாள்.

"இந்தக் கண்ல எப்படிப்பா இருக்கு?"

கதவு தட்டப்பட்டது. "என்ன, இன்னுமா முடியல?" என்றாள் அண்ணி வெளியிலிருந்து. "மாமாதான் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டாரே!"

"இல்ல அண்ணி," என்றாள் அவள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."